வேலைக்கு நான் பொறுப்பு

உங்கள் ரேவதி மேடம் போன வாரம் போன் செய்து, "மேடம், துறைக்குப் புதுசா மூணு பேர் வந்திருக்காங்க. அவங்களுக்கு ஏதாவது எழுதிக் குடுங்க" என்றாள். உங்களுக்கு அவர் மேடம். என்னிடம் படித்தவள் என்பதால் எனக்கு அவள்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு உடம்பில் தெம்பில்லை, முழங்கால் வலி என்றேன். "முழங்காலாலயா மேடம் எழுதப்போறீங்க?" என்று கேட்டாள். தத்துவம் படிக்கவைத்தால் இப்படித்தான், நம்மையே மடக்குவார்கள்.

பாடம் நடத்துவதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மேற்கத்தியத் தத்துவம் என்ற அந்தத் தாளைப் பணியில் இருந்த காலம் முழுக்க நடத்தினேன். பாதி வகுப்பு தூங்கும், கொஞ்சம் பேர் ஜன்னலைப் பார்ப்பார்கள், மீதி இரண்டு மூன்று பேருக்காகத் தொண்டை கிழியப் பேசுவேன். அதெல்லாம் உங்களுக்கே பழகிவிடும். நான் சொல்லப்போவது முன்பு நம் துறையில் இருந்த ஸ்டீபன் சாரைப் பற்றி. ரேவதி வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் இதைத்தான் எழுதச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவளே சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுவாள். ஸ்டீபனிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டேன். "எழுதுங்க மேடம், இனிமே இன்னா இருக்குது" என்றார்.

அதற்கு முன் நம் துறையின் ஒரு வழக்கத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் வருடப் பிள்ளைகளுக்கு முதல் மாதம் எந்தத் தத்துவவாதியின் பெயரையும் நாம் சொல்வதில்லை. எனக்கு முன் துறைத்தலைவராக இருந்தவர் ஆரம்பித்தது இது. அவர் சரியான முசுடு, நான் வேலைக்குச் சேர்ந்த அன்று உட்கார் என்றுகூடச் சொல்லவில்லை. "பேரச் சொன்னா புள்ளைங்க பேரத்தான் மனப்பாடம் பண்ணும். அந்தாள் இன்னா பேஜாருல மாட்டிகினான்னு முதல்ல சொல்லு. பேரு எங்க போவப்போவுது?" என்பார். அதனால் நம் துறையில் எல்லோருக்கும் பட்டப்பெயர்தான்.

தெருத்தெருவாகக் கேள்வி கேட்டு, ஊரே வெறுத்துப்போய், கடைசியில் கோப்பையில் விஷம் வாங்கிக் குடித்தவர் விஷக் கிழவர். ஒரு வரி எழுதிவைக்காத அவருக்காக எழுதித் தள்ளிய சீடர், குகைச் சுவரில் நிழலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றிச் சொன்னவர், குகைக்காரர். குளிருக்கு அடுப்பு ரூமில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவர் அடுப்பு ரூம்காரர். கடவுளைப் பற்றிக் கணக்குப் புத்தகம் மாதிரி எழுதிவிட்டு, பிழைப்புக்குக் கண்ணாடி தேய்த்தவர் லென்ஸ்காரர். எது ஜாஸ்தி பேருக்கு ஜாஸ்தி சந்தோஷம் தருமோ அதுதான் சரி என்றவர் கூட்டல்காரர். சொந்த ஊரை விட்டு அதிகம் நகராத, கல்யாணம் செய்துகொள்ளாத, அவர் நடக்கப் போகும் நேரத்தைப் பார்த்து அக்கம்பக்கத்தார் கடிகாரத்தைத் திருப்பிவைத்தார்கள் என்று சொல்லப்படுகிற ஜெர்மன்காரர், நம் கடிகாரக்காரர். அவர் எழுதிய தடித்த புத்தகத்தை முழுதாகப் படித்தேன் என்று யாராவது உங்களிடம் சொன்னால் சும்மா தலையாட்டி வையுங்கள்.

இந்த வழக்கத்தில் ஒரு ஆபத்து உண்டு. ஒரு வருடம் ஸ்டீபனும் நானும் மாறி மாறி விடுப்பில் போனதில், பெயர்களைச் சொல்லவேண்டிய இரண்டாவது மாதம் வரவே இல்லை. அவர் சொல்லியிருப்பார் என்று நான், நான் சொல்லியிருப்பேன் என்று அவர். பிள்ளைகள் பல்கலைக்கழகத் தேர்வில் பக்கம் பக்கமாகக் கடிகாரக்காரர், கூட்டல்காரர் என்றே எழுதிவைத்துவிட்டு வந்தார்கள். விடைத்தாள் திருத்தியவர் எனக்குப் போன் போட்டு, "மேடம், உங்க காலேஜ்ல தத்துவம் சொல்லித்தர்றீங்களா, வாட்ச் கடை நடத்தறீங்களா?" என்று கேட்டார். மானம் போயிற்று. எனவே இரண்டாவது மாதம் மறக்காமல் பெயர்களைச் சொல்லிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் எனக்குப் பட்டப்பெயரே போதும்.

கடிகாரக்காரரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கதைக்கு அவர் வேண்டும். பொய் எந்தச் சூழ்நிலையிலும் கூடாது என்றவர் அவர். அவர் கொடுத்த உதாரணங்களில் பொய் வாக்கு ஒன்று உண்டு. கஷ்டத்தில் இருக்கும் ஒருவன், தன்னால் நிறைவேற்ற முடியாது என்று தெரிந்தே ஒரு வாக்குக் கொடுக்கிறான். எல்லோரும் அப்படியே செய்தால் வாக்கு என்ற ஒன்றையே யாரும் நம்பமாட்டார்கள், ஆகவே அது தப்பு. வருடா வருடம் ஸ்டீபன்தான் இதை நடத்துவார். நன்றாக நடத்துவார், என்னைவிட நன்றாக.

ஸ்டீபன் அப்போது நம் துறையில் கெஸ்ட் லெக்சரர். நிரந்தரமாக்குவார்கள் என்று வருடா வருடம் சொல்லுவார்கள், வருடா வருடம் ஆகாது. அவர் மனைவி ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தார். இரண்டு குழந்தைகள். ரேவதி சேர்ந்த வருடம் நிர்வாகம் எங்களைக் கூப்பிட்டு, முதல் வருடத்துக்குத் தேவையான ஆள் சேரவில்லை என்றால் இளங்கலை வகுப்பை மூடிவிடுவோம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. மூடினால் எனக்கு ஒன்றும் ஆகாது. நான் நிரந்தரம், ஓய்வு பெறும்வரை வேறு துறையில் ஏதாவது ஒரு தாளைக் கொடுத்து உட்காரவைப்பார்கள். ஸ்டீபன் அன்றைக்கே வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

ஆள் சேர்ப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும், இந்த மே மாதம் நீங்களும் கிளம்பப்போகிறீர்கள். வீடு வீடாகப் போவது. நாங்கள் அதற்கு 'பிச்சைக்குப் போறது' என்று எங்களுக்குள் பெயர் வைத்திருந்தோம். வேலூர் வெயில், ஸ்டீபனின் பழைய வண்டி, பின்னால் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு நான். ஒரு பையில் கல்லூரியின் வழவழப்பான நோட்டீஸ், இன்னொரு பையில் தண்ணீர் பாட்டில். பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீட்டை விசாரித்துப் போய் நிற்போம். எங்களுக்கு முன்பே இன்ஜினியரிங் காலேஜ்காரர்கள் வந்து போயிருப்பார்கள், நர்சிங் காலேஜ்காரர்கள் வந்து போயிருப்பார்கள். தத்துவம் என்றதும் சில வீட்டில், "ஆசிரமமா?" என்பார்கள்.

அன்று விரிஞ்சிபுரத்துப் பக்கம் போயிருந்தோம். எல்லா இடமும் அலைந்து இன்னும் ஒரே ஒரு ஆள் குறைந்தது. மறுநாள் கடைசி. கடைசியாகப் போன வீடு ரேவதியின் வீடு.

அவள் அப்பா டேனரியில் வேலை பார்த்தவர். தோலை ஊறவைக்கும் டிரம் பக்கம் நின்று நின்று விரல் நகமெல்லாம் நீலம் பாரித்திருக்கும். அம்மா ஷூ கம்பெனி. ரேவதிக்கு மார்க் சுமார்தான், பி.காம். கேட்ட இடத்தில் கிடைக்கவில்லை. அவளை அம்மாவோடு கம்பெனி வேனில் ஏற்றிவிடுவதா, படிக்க அனுப்புவதா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவள் கதவுக்குப் பின்னால் நின்று எங்கள் நோட்டீசை வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்க ஆசை என்பது முகத்தில் தெரிந்தது.

அப்பா ஒரே கேள்விதான் கேட்டார். "இத படிச்சா இன்னா வேலமா கெடைக்கும்?"

ஸ்டீபன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஏதாவது நல்லதாகச் சொல்லுங்களேன் என்று கெஞ்சுகிற பார்வை.

நான் சொன்னேன், "ஐயா, உண்மையச் சொல்லணும்னா, இந்தப் படிப்ப மட்டும் நம்பி வேலை கிடைக்கறது கஷ்டம். மேல படிக்கணும், பரீட்சை எழுதணும், அப்பவும் உறுதி கிடையாது. ஆனா யோசிக்கக் கத்துக்குவா."

"யோசிக்கறதுக்கு எங்க வூட்லயே நெறைய இருக்குதுமா" என்றார் அவர். சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கதவுக்குப் பின்னால் நோட்டீஸ் மடிக்கும் சத்தம் கேட்டது.

அப்போது ஸ்டீபன் சொன்னார், "ஐயா, வேலைக்கு நான் பொறுப்பு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் வேலையே நாளைக்கு இருக்குமா என்று தெரியாத மனுஷன்! ரேவதியின் அப்பா நின்றார். திரும்பினார். "நீங்கன்னா, காலேஜா?" என்று கேட்டார்.

"காலேஜ் இல்லீங்க. நான். ஸ்டீபன்."

"வூடு எங்க?"

ஸ்டீபன் தெருப்பெயர் சொன்னார், சர்ச்சுக்கு எந்தப் பக்கம் என்று சொன்னார். ரேவதியின் அப்பா அதை இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு உள்ளே பார்த்து, "ரேவதி, சட்டிபிகேட்ட எடுத்துகினு வா" என்றார்.

திரும்பும் வழியில் பாலாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடையில் ஸ்டீபன் வண்டியை நிறுத்தினார். நான் டீயைத் தொடவில்லை. எனக்கு அவ்வளவு கோபம்.

"ஸ்டீபன், பொய் வாக்கு பத்தி வகுப்புல நடத்தறது நீங்கதானே?"

"நான்தான் மேடம்."

"அப்ப இது என்ன? அந்தப் பொண்ணுக்கு நீங்க எங்கேருந்து வேலை வாங்கித் தருவீங்க?"

"தெரியல மேடம்."

"தெரியாம சொன்னா அதுக்கு என்ன பேரு? கடிகாரக்காரர் என்ன சொல்லியிருக்கார்?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "மேடம், கடிகாரக்காரருக்குப் பொண்டாட்டி புள்ளைங்க கெடையாது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. "அது பொய் ஸ்டீபன்" என்றேன்.

"இன்னும் பொய் ஆகல மேடம். மூணு வருஷம் டைம் இருக்குது."

நான் அவருக்கு நிறையப் பதில் சொன்னேன். வாக்குக் கொடுக்கும் நேரத்தில் மனசில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி, பின்னால் என்ன ஆனது என்பதல்ல, அப்படி இப்படி என்று தேர்வுக்கு எழுதுவதுபோல் பேசினேன். அவர் இரண்டு டீக்கும் காசு கொடுத்தார். இப்போது யோசித்தால் ஒன்று தோன்றுகிறது. எனக்குப் பென்ஷன் உண்டு. அந்த வாசலில் உண்மை பேசுவதற்கு எனக்கு ஒரு பைசா செலவில்லை.

வகுப்பு பிழைத்தது. ஸ்டீபனின் வேலையும் பிழைத்தது. ரேவதி முன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

கெட்டிக்காரி என்றெல்லாம் சொல்லமாட்டேன். மதியத்துக்கு மேல் தூங்கி வழிவாள். ஆனால் லென்ஸ்காரரைப் பற்றிச் சொன்ன அன்று, "அவருக்குக் கை வலிக்காதா மேடம்?" என்று கேட்டாள். அத்தனை வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. ஸ்டீபன் அவளை விடவில்லை. வகுப்பு முடிந்ததும் இங்கிலீஷ், கம்ப்யூட்டர், அது முடிந்தால் போட்டித் தேர்வுக் கேள்விகள். மற்றப் பிள்ளைகளும் உட்காரலாம் என்று சொல்லுவார், உட்காரவும் செய்தார்கள். ஆனால் அவர் கண் அவள்மேல்தான் இருக்கும், கடையில் சரக்கை வைத்துவிட்டு வெளியே வந்தவன் திரும்பித் திரும்பிப் பார்ப்பதுபோல. மனுஷன் இளைத்துப்போனார்.

பொய் வாக்குப் பாடம் வந்தபோது என்னிடம் வந்து, "மேடம், இத மட்டும் நீங்க எடுத்துடுங்க" என்றார். எடுத்தேன். அவர் வெளியே வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். ரேவதி கையைத் தூக்கினாள்.

"மேடம், சொல்றப்ப முடியுமான்னு தெரியல. ஆனா எப்படியாச்சும் செஞ்சிடணும்னு நெனச்சு சொன்னா, அது பொய்யா?"

"கடிகாரக்காரரைக் கேட்டா ஒத்துக்கமாட்டார்" என்றேன்.

"நீங்க இன்னா சொல்றீங்க?"

"மணி அடிக்கப்போகுது, எழுதிக்கோ" என்றேன். அவளுக்கு விஷயம் தெரிந்து கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா என்று நான் இன்றுவரை விசாரிக்கவில்லை.

மூன்று வருடம் முடிந்தது. ஸ்டீபன் அவளுடைய சான்றிதழ்களைப் போட்டோகாப்பி எடுத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, ஒன்றும் விடவில்லை. எல்லா இடத்திலும், "பிலாசபியா? அத்த படிச்சிட்டு ஆபீஸ்ல இன்னா சார் பண்ணும்?" என்றார்கள். ஜோலார்பேட்டையில் ரயில்வேக்காரர்களின் பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்துகிற ஒரு இடத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அவள் சேர்வதற்குள் அந்த இடமே மூடிவிட்டது.

ஒரு நாள் காலை ரேவதியின் அப்பா துறை வாசலில் வந்து நின்றார். ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார் போல, டேனரி வாசம் அறைக்குள் வந்தது. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. முதல் வருடப் பிள்ளைகள் வராந்தாவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிரின்சிபால் அறை எதிரில். சத்தம் போட்டால் அவர் வெளியே வந்துவிடுவார், வந்தால் ஸ்டீபன் தொலைந்தார்.

"பொறுப்புன்னு சொன்னீங்களே சார்" என்றார் அவர். சத்தமே போடவில்லை.

ஸ்டீபன் நாற்காலியிலிருந்து எழுந்து வாசலுக்குப் போனார். "சொன்னேங்க. அன்னிக்கு என் வேல போவாம இருக்கறதுக்குத்தான் சொன்னேன். உங்ககிட்ட மறைக்கக் கூடாது."

ஐயோ, இப்போதா இதைச் சொல்வது என்று நான் பதறினேன்.

"தெரியும் சார்" என்றார் ரேவதியின் அப்பா. "அன்னிக்கு வந்தவங்க அல்லாரும் வேல கெடைக்கும், வேல கெடைக்கும்னு நோட்டீஸ்ல போட்டுக் குடுத்தாங்க. நாளைக்குக் கெடைக்கலன்னா நான் போய் நோட்டீஸையா கேக்க முடியும்? இந்தம்மா கெடைக்காதுன்னு சொல்லிட்டாங்க, அவங்களையும் கேக்க முடியாது. நீங்க ஒருத்தர்தான் நான்னு சொன்னீங்க. புடிக்கறதுக்கு ஒரு சட்டை இருக்குதேன்னுதான் அனுப்பினேன்."

அவர் ஸ்டீபனின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப இன்னா சொல்றீங்க?"

"இப்பவும் நான்தாங்க பொறுப்பு. எம்.ஏ. படிக்கட்டும். இன்னும் ரெண்டு வருஷம் குடுங்க."

அவர் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தார். "ரெண்டு வருஷம். அப்புறம் காலேஜுக்கு வரமாட்டேன் சார். உங்க வூட்டு வாசல்ல வந்து நிப்பேன், சட்டைய புடிப்பேன்" என்றார். கும்பிட்டுவிட்டுத்தான் போனார்.

உங்களிடம் நான் தெரிந்துகொள்ளச் சொல்வது இது ஒன்றுதான். நெருக்கடியில் ஒருவன் எப்படித் தப்பிக்கிறான் என்று கற்றுக்கொடுக்க ஆயிரம் பேர் வருவார்கள். ஸ்டீபனுக்குத் தப்பிக்க அன்று வழி இருந்தது. காலம் சரியில்லை, மார்க் போதவில்லை, நிர்வாகத்தைக் கேளுங்கள், எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

ரேவதி எம்.ஏ. முடித்தாள். கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வில் முதல் தடவை தோற்று, இரண்டாம் தடவை தேறினாள். ஆனால் எந்தக் கல்லூரியிலும் தத்துவத்துக்கு இடமில்லை. இருக்கிற துறையையே மூடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் நான் ஓய்வு பெற இருந்தேன். நீங்கள் மூன்று பேர் சேர்ந்திருக்கும் இன்றைய நிலைமை அப்போது இல்லை. என் இடத்தை நிரப்பப்போவதில்லை, ஒரு கெஸ்ட் லெக்சரர் போதும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அந்த ஒரு ஆள் ஸ்டீபன்.

என் கடைசி மாதத்தில் ஒரு மதியம் ஸ்டீபன் வந்து எதிரே உட்கார்ந்தார். "மேடம், வர்ற திங்கக்கிழமலேருந்து ரேவதி கம்பெனி வேன்ல போவுது. அவங்கம்மா கூட. ரெண்டு வருஷம் முடிஞ்சிட்டுது" என்றார்.

"நீங்க என்ன பண்ண முடியும்? செஞ்ச வரைக்கும் போதும்."

"நீங்க துறைத்தலைவரா ஒரு சிபாரிசு எழுதித் தரணும், ரேவதிக்கு."

"எந்த இடத்துக்கு?"

"என்னுது."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் கத்தினேன். "பைத்தியமா ஸ்டீபன் உங்களுக்கு? வீட்டுக்காரம்மா என்ன சொல்லுவாங்க? பிள்ளைங்க ஸ்கூல் படிக்குது!"

"அவதான் மேடம் சொன்னா. தெனமும் பொரண்டு பொரண்டு படுக்கறதுக்கு, போய்க் குடுத்துட்டு வந்து தூங்குன்னு சொல்லிட்டா." அவர் கொஞ்சம் சிரித்தார். "இதுவும் இன்னிக்கோ நாளைக்கோ போற வேலதான். அந்தப் பொண்ணு சின்ன வயசு, அடுத்து எங்கயாச்சும் போவலாம். நான் இதுலயே உக்காந்து உக்காந்து தேஞ்சிட்டேன். நீங்கதான மேடம் பொய்னு சொன்னீங்க? அஞ்சாறு வருஷமா அத்த தூக்கிகினு திரியறேன். முடியல. எறக்கி வெச்சிடறேன்."

"உங்களுக்கு வேற வேலை கிடைச்சிடுச்சா?"

"கெடச்சிடுச்சுன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கறேன். ஷூ கம்பெனில."

"ஸ்டீபன்!"

"இன்னும் பொய் ஆகல மேடம்" என்றார்.

நான் அழுதேன். எரிச்சலாகவும் இருந்தது, சொல்லப்போனால் பொறாமையாகவும் இருந்தது. இத்தனை வருடம் கடமை, கடமை என்று கரும்பலகையில் எழுதியது நான். அதைக் கையில் எடுத்துக்கொண்டு போவது இந்த மனுஷன். சிபாரிசை எழுதிக் கொடுத்தேன். நிர்வாகத்துக்கு யார் உட்கார்ந்தால் என்ன, ஒப்புக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை ரேவதி கம்பெனி வேனில் போகவில்லை. கல்லூரிக்கு வந்தாள். அவள் அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஸ்வீட் பாக்ஸோடு கூடவே வந்தார். ஸ்டீபனைத் தேடினார். ரேவதி ஸ்டீபனின் நாற்காலியில் உட்கார்ந்து வருகைப் பதிவை எழுதிக்கொண்டிருந்தாள். அந்த மூலை நாற்காலியை உங்களுக்குத் தெரியும், ஒரு கை உடைந்து கயிறு கட்டியது. அவர் அந்தக் கயிற்றையே பார்த்தார். முன்பு அவர் வாசலில் வந்து நின்றபோது ஸ்டீபன் எழுந்துவந்தது அந்த நாற்காலியிலிருந்துதான்.

"இது அவரு சீட்டு இல்ல?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ரேவதி எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். "சாருக்குத்தான் நல்ல எடத்துல வேல கெடச்சிடுச்சேப்பா" என்றாள். அவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஸ்வீட் பாக்ஸை மேசைமேல் வைக்கப் போனவர் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார். எங்கே போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. தெருப்பெயரை நான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

மத்தியானம் ஸ்டீபன் போன் செய்தார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"மேடம், அவர் வந்தாரு. சொன்ன மாதிரியே வூட்டு வாசல்ல வந்து நின்னாரு."

"என்ன சொன்னார்?"

"'நான் வேலதான சார் கேட்டேன், உங்க வேலையவா கேட்டேன்'னாரு. நான் இல்லீங்க, வேற எடத்துல கெடச்சிடுச்சுன்னு ஆரம்பிச்சேன். முடிக்க விடல. ரெண்டு கையால சட்டைய புடிச்சிட்டாரு மேடம். புடிச்சிகினு அழுவறாரு. தெருவே பாக்குது. விடவே இல்ல."

பல மாதம் கழித்துத்தான் ஸ்டீபனுக்கு வேலை கிடைத்தது. நாட்றம்பள்ளி தாண்டி ஒரு ஷூ கம்பெனியில், ஆட்கள் வருகையைப் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். அதைச் சொல்லி வாங்கிக்கொடுத்ததே ரேவதியின் அப்பாதான், தெரிந்த மேஸ்திரி ஒருவரைப் பிடித்து, நடையாய் நடந்து. ரேவதிக்கு எல்லாவற்றையும் அவள் அப்பா, சட்டையைப் பிடித்த அன்று சாயங்காலமே சொல்லிவிட்டார். மறுநாள் அவள் கல்லூரிக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்ததும், ஸ்டீபன் நேரில் போய் அதட்டிக் கூட்டிவந்ததும் அவளே உங்களுக்குச் சொல்லட்டும்.

ஸ்டீபன் செய்தது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். கடிகாரக்காரர் ஒன்று சொல்வார், கூட்டல்காரர் ஒன்று சொல்வார், விஷக் கிழவர் உங்களையே திருப்பிக் கேட்பார். எனக்கு அலுத்துவிட்டது. மே மாதம் வெயிலில் நீங்கள் வாசல் வாசலாக நிற்கப்போகிறீர்கள், எல்லா வாசலிலும் அந்த ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். என்னைப் போலப் பதில் சொல்லுவீர்களோ, ஸ்டீபனைப் போலச் சொல்லுவீர்களோ, அது உங்கள் பாடு. ஸ்டீபனைப் போலச் சொல்வதாக இருந்தால், கிழியாத சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போங்கள்.